மறு: முராபஹா – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் வரும் ‘முராபஹா’ என்ற விற்பனை முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> முராபஹாவுக்குக் ‘கூடுதல் விலை விற்பனை’ என்று போடலாமே?

வேண்டாம் ஐயா. பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் அதிகம் கேட்பதைத்தான் நாம் கூடுதல் விலை என்கிறோம். ‘இலாப விற்பனை’யும் உதவாது. சொல்லின் வேர் ‘ரிப்ஹ்’, அதாவது இலாபம் என்பது சரி. ஆனால் இலாபம் எந்தக் கடையில் இல்லை? முராபஹாவில் விற்பவர் தன் அடக்கவிலையையும் மேலே வைக்கும் இலாபத்தையும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பேரம் பேசி விற்றால் அது முஸாவமா.

ஆகவே ‘அடக்கம்’ உள்ளே வந்தே தீர வேண்டும் என்பது என் கட்சி. 12ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் ஃபர்கானாவைச் சேர்ந்த மர்கீனானி எழுதிய ஹிதாயா என்ற ஹனஃபி (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) சட்ட நூலில் அருமையான ஓர் இடம் இருக்கிறது. துணி வாங்கியவர் சாயக்காரர் கூலியையும், தானியம் வாங்கியவர் சுமைகூலியையும் அசலோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விற்கும்போது ‘இவ்வளவுக்கு வாங்கினேன்’ என்று சொல்லக்கூடாது, அது பொய். ‘எனக்கு இவ்வளவு ஆயிற்று’ என்றே சொல்ல வேண்டும். நம் ஜவுளிக்கடைக்காரர் ‘எனக்கே இவ்வளவு அடங்குகிறது’ என்பாரே, அதே பேச்சு! ஆட்டை மேய்த்தவர் கூலியும் சரக்கு வைத்த அறையின் வாடகையும் சேராது. அவற்றால் பொருளின் மதிப்பு கூடவில்லையாம். எந்தச் செலவைப் பொருளின் தலையில் ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று மேலாண்மைக் கணக்கியல் வகுப்பில் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அந்தக் கேள்விதான் இது. இங்கே அடக்கவிலையைக் கூட்டிச் சொன்னது தெரியவந்தால், ஹனஃபி பிரிவின் மூலவரான அபூஹனீஃபாவின் கருத்துப்படி, வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

> ‘அடக்கங்கூறு விற்பனை’?

கூறு கட்டி விற்கும் கத்தரிக்காய்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘அடக்கமறி விற்பனை’ என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலைக்கே கொடுப்பது தவ்லியா, அதற்கும் குறைத்துக் கொடுப்பது வளீஆ. இரண்டும் இந்தப் பொதுப்பெயருக்குள் வரும். முராபஹா அப்போது ‘அடக்கமறி இலாப விற்பனை’. முஸாவமாவை ‘அடக்கமறியா விற்பனை’ என்றால் வியாபாரியைத் திட்டியது போலாகும். ‘பேர விற்பனை’ போதும்.

ஒரே ஒரு தயக்கம். ‘ஜனாஸா நல்லடக்கம் அஸருக்குப் பின்’ (இறந்தவர் உடலை மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்வார்கள்) என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ‘அடக்கம்’ எப்படி ஒலிக்கும்? குழுவில் உள்ள காயல்பட்டினத்து நண்பர்கள் சொல்லட்டும்.