ஆன்டிபயாட்டிக் முடிஞ்சப்புறம் வயித்த தேத்துனது எது? அனுபவம் சொல்லுங்க

தட்டோன் மருமக:
பல்லு வலிக்குக் குடுத்த ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிஞ்சதும் என் வயிறு ஒரு வழியாயிடுச்சு, எதத் தின்னாலும் பொருமல், காலைல எந்திரிச்சதும் ஓட்டம். மருந்து கெட்ட கிருமிய கொல்றப்போ குடல்ல இருக்குற நல்ல கிருமியையும் சேத்து அடிச்சிட்டுப் போயிடும்ல. மாமியார் ஒண்ணும் பேசல, ராத்திரி மீந்த சோத்துல சுட்டு ஆறவெச்ச தண்ணிய ஊத்தி மண்சட்டில மூடி வெச்சாங்க. காலைல தொறந்தா மேல பொடிப்பொடியா நுரை, லேசா புளிச்ச வாசம். அதைக் கையால பிசைஞ்சு தயிர் ஊத்தி, சின்ன வெங்காயம், தொட்டுக்க மொன்ஞின்ஜின், அதான் புளிக்கவெச்ச கடுகுக்கீரை. தினம் அதேதான். கொஞ்சங்கொஞ்சமா பொருமல் அடங்குச்சு. தானாவே சரியாகியிருக்குமோ என்னமோ, மாமியார்கிட்ட அதச் சொல்ல முடியுமா 😄 உங்களுக்கெல்லாம் எது கேட்டுச்சு?

யாங்கோன் டீக்கடை:
தங்கச்சி, பழைய சோறு சரிதான், ஆனா ஒண்ணு கவனிங்க. சோறு ஆறுனதும் தண்ணி ஊத்திடணும். சித்திரை வெயில்ல மத்தியானம் வடிச்ச சோறு ராத்திரி வரைக்கும் சும்மா கெடந்துட்டு அப்புறம் தண்ணி ஊத்துனா அதுல வேற கிருமி வளந்து விஷத்த விட்டுரும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது, வாந்திதான். வழவழன்னு நூலா வந்தாலோ வாடை மாறுனாலோ மாட்டுக்கு ஊத்திடுங்க.

நம்ம கடையில ஓடுறது லபெட் தொக், அதான் புளிக்கவெச்ச தேயிலைல (லபெட்) பெசையுற பர்மாக் கலவை. தேயிலைய ஆவில அவிச்சு மூங்கில் கூடைல அமுக்கி, மேல பாரம் வெச்சு மாசக்கணக்கா புளிக்க விடுறது, ஷான் மலையில நம்சான் பக்கம் பலாங் இனத்து ஆளுங்க பண்றதுதான் பேர்போனது. வெதுவெதுப்பான தண்ணில ஒரு அலசு அலசி கையால இறுக்கிப் பிழிஞ்சா கசப்பு இறங்கும், அப்புறம் கடலை எண்ணெய், பூண்டு, எலுமிச்சை, பொரிச்ச பட்டாணி, வறுத்த எள்ளு. வயிறு மந்தமா இருக்கறப்போ இது நல்லா எளக்கி விடும், ஆனா ராத்திரி திங்காதீங்க, தேயிலைதானே, பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க தூங்காம இருக்க திங்கிற சாமான் அது. ரொம்பப் பச்சையா மினுக்குறத வாங்காதீங்க, 2009ல சாயம் கலந்த 43 பிராண்டு லபெட்ட திங்கக் கூடாதுன்னு இங்க பர்மா சுகாதாரத் துறையே அறிவிச்சுது.

மோல்மீன் பேரன்:
எங்க தாத்தா கதை வேற. ஙப்பி, அதான் உப்பு போட்டுப் புளிக்கவெச்ச மீன் விழுது, அது இல்லாம சோறு எறங்காது, அதுவும் புளிக்கவெச்சதுதான குடலுக்கு நல்லதுதானேன்னு வாதம் வேற பண்ணுவாரு. பிரஷர் ஏறி டாக்டர் மொதல்ல கேட்டதே ஙப்பி எவ்வளவுன்னுதான். ஒரு ஆளுக்கு நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ளதான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஙப்பியில உப்பு ரொம்பத் தூக்கலு. நிறுத்தச் சொன்னா மனுஷன் சாப்பாட்டையே நிறுத்திருவாரு, அதனால ஙப்பித் தண்ணிய ஒரு ஸ்பூனாக்கி தொட்டுக்க வெள்ளரி, கத்திரிப் பிஞ்சு, வல்லாரைன்னு தட்டு நெறைய வெச்சோம். மலச்சிக்கல் போனது அந்தப் பச்சக் காய்கறியாலதான், ஆனா பேரு ஙப்பிக்கு.

பகோ ராணி:
இட்லி தோசை நல்ல கிருமி குடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, வேகவெச்சா செத்துராதா?

யாங்கோன் டீக்கடை:
செத்துரும். மாவுலதான் உயிரு, இட்லில இல்ல. ஆனா புளிக்கிறப்போ உளுந்துலயும் அரிசிலயும் சத்தப் புடிச்சு வெச்சிருக்குற பைட்டிக் ஆசிட் கொறையுது, இரும்புச் சத்து உடம்புல நல்லா சேரும், செரிக்கவும் லேசு. நம்ம ஊரு உளுந்துதான் இந்தியாவுக்கே கப்பல்ல போகுது, இங்க இருக்குறவங்க திங்காம விட்டா எப்படி. உயிரோட வேணும்னா தயிர், பழைய சோறு, அடுப்புல ஏத்தாத ஊறுகா.

மோல்மீன் பேரன்:
அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல 36 பேர வெச்சு 10 வாரம் பாத்து 2021ல வெளியிட்டாங்க. தயிர், கெஃபிர் (புளிக்கவெச்ச பால்), கிம்ச்சி (கொரியாக்காரங்க புளிக்கவெக்கிற முட்டைக்கோசு) மாதிரி நெறைய சாப்ட்டவங்களுக்கு குடல் கிருமி வகை கூடி, ரத்தத்துல வீக்கத்தக் காட்டுற 19 புரதம் கொறஞ்சுதாம். சின்ன ஆராய்ச்சிதான், ஆனா பாத்தீங்களா, ஒரே ஐட்டம் இல்ல, பல தினுசு. அதான் மருமகளோட தட்டுல சோறு, தயிர், கீரை மூணும் சேந்து வேல பாத்திருக்கும்னு நெனைக்கிறேன். எங்க அத்தைக்கு மட்டும் புளிச்சது எதத் தின்னாலும் தல வலி, மூஞ்சி செவந்துரும், அதுல இருக்குற ஹிஸ்டமின்ங்குற ரசாயனம் சில பேருக்கு ஒத்துக்காது.

பகோ ராணி:
இப்ப கரண்டு இல்லாம ஃபிரிட்ஜ் பேருக்குத்தான் நிக்குது, தோசமாவு மறுநாளே கடுப்பா புளிக்குது. அந்த மொன்ஞின்ஜின் எப்படி போடுறீங்க மருமக?

தட்டோன் மருமக:
கீரைய கழுவி நெழல்ல வாட விடுங்கக்கா, தண்டோட. உப்பு போட்டு நல்லா கசக்கி, அரிசி களஞ்ச தண்ணிய கொதிக்கவெச்சு ஆறவெச்சு ஊத்துங்க, கீரை தண்ணிக்கு மேல தலைய காட்டக் கூடாது, ஒரு தட்ட கவுத்து கல்லு வெச்சிருங்க. இந்த வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல மஞ்சளாயிடும், அப்ப எடுத்துருங்க. மேல பூஞ்சை வந்தா மொத்தமா கொட்டிருங்க, வழிச்சு எறிஞ்சிட்டு மிச்சத்த திங்க வேணாம்.