வெளியே 36 டிகிரி, பசுமைக் குடிலுக்குள் 47: எப்படிக் குறைப்பது?

இலைநிழல்:
வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் சிறிய பசுமைக் குடில் ஒன்று வைத்திருக்கிறேன். நீளம் 12 அடி, அகலம் 8 அடி, சராசரி உயரம் ஏழரை அடி. சுவர், கூரை இரண்டும் பாலிகார்பனேட் தகடு. ஒரு கதவும், அதற்கு எதிர்ச்சுவரில் இடுப்பு உயரத்தில் இரண்டு சிறிய ஜன்னல்களும் உண்டு. கூரையில் திறப்பு இல்லை. தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவை தொட்டிகளில் வளர்கின்றன. லெட்யூஸ் விதைத்த தட்டுகள் மேசைமேல் இருக்கின்றன.

வெயில் ஏறியதிலிருந்து உள்ளே நிற்கவே முடியவில்லை. நண்பகலில் வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே 47. கூரைக்கு அடியில், உள்பக்கமாக, கறுப்பு நிழல்வலை கட்டியிருக்கிறேன். தரையில் மேசை விசிறி ஒன்று பகல் முழுவதும் ஓடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தெளிப்பானைத் திறந்து புகைபோல் நீர் தெளிக்கிறேன். அப்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சற்று நேரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும், புழுக்கம் வேறு. தக்காளிப் பூக்காம்பின் நடுவில் உள்ள கணு மஞ்சளாகி, அந்த இடத்தில் ஒடிந்து பூ விழுகிறது. கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. லெட்யூஸ் முளைக்கவே இல்லை. தெளிப்பானுக்குப் பெரிய பம்பு வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக இருக்குமா?

காற்றுவழி:
பம்பு வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வெப்பமானி எங்கே தொங்குகிறது, வெயில் நேரடியாக அதன்மேல் விழுகிறதா? ஜன்னல்களில் பூச்சிவலை அடித்திருக்கிறீர்களா? நண்பகலில் வெளியே காற்றின் ஈரப்பதம் எவ்வளவு? இந்த மூன்றும் தெரிந்தால்தான் உருப்படியாகச் சொல்ல முடியும்.

இலைநிழல்:
வெப்பமானி செடிகளுக்கு நடுவே ஒரு கம்பியில், நிழலில் இருக்கிறது. ஜன்னலில் நெருக்கமான பூச்சிவலை உண்டு. வெள்ளை ஈக்காகப் போட்டது. ஈரப்பதம் 65 விழுக்காடு அளவில் இருக்கிறது.

காற்றுவழி:
அப்படியானால் 47 என்பது நம்பத்தக்க கணக்குத்தான். முதல் கோளாறு, சூடான காற்று வெளியேற உங்கள் குடிலில் வழியே இல்லை. சூடேறிய காற்று மேலே போய்க் கூரைக்கு அடியில் தேங்குகிறது. ஜன்னல்களோ இடுப்பு உயரத்தில். மேசை விசிறி அந்தக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. ஒரு துளி வெப்பமும் வெளியே போவதில்லை. நெருக்கமான பூச்சிவலை, இருக்கும் ஜன்னலின் காற்றோட்டத்தையும் பெருமளவு குறைத்துவிடும்.

கூரைத் திறப்பின் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தோட்டக்கலையில் பழகிய கணக்கு. உங்கள் தரை 96 சதுர அடி, அப்படிப் பார்த்தால் திறப்பு ஏறக்குறைய 19 சதுர அடி வேண்டும். அவ்வளவு வெட்ட மனம் வராவிட்டால் எக்ஸாஸ்ட் விசிறி போடுங்கள். குடிலின் கொள்ளளவு 720 கன அடி. கோடையில் நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு 720 கன அடிக்குக் குறையாமல் இழுக்கும் விசிறி தேவை. வலையும் ஷட்டரும் அதன் வேகத்தைக் குறைக்கும், ஆகவே சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். விசிறி ஒரு முனையில் உச்சியில் இருக்கட்டும். எதிர்முனையில் தரையை ஒட்டிக் காற்று நுழையும் வழி. காற்று வழக்கமாக எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நுழைவாயிலை வைத்தால் விசிறிக்குப் பாதி வேலை மிச்சம். நுழைவாயில் விசிறியின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பூச்சிவலை வேண்டுமென்றால் இன்னும் பல மடங்கு பெரிதாக. வலையைச் சட்டத்தில் தட்டையாக அடிக்காமல் வெளிப்பக்கம் ஒரு பெட்டிபோல் நீட்டிக் கட்டினால், சுவரில் பெரிய ஓட்டை போடாமலே வலையின் பரப்பு கூடிவிடும்.

வெயில்காப்பு:
காற்றோட்டம் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிழல்வலைக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. உங்கள் தரை ஏறத்தாழ 9 சதுர மீட்டர். குடிலின்மேல் 9 கிலோவாட் இறங்குகிறது என்று பாருங்கள். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றும் வெப்பமே 5 கிலோவாட்டைச் சற்றுத்தான் தாண்டும். இதை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு துரத்துவது பெரும்பாடு.

உள்ளே கட்டிய கறுப்பு வலை செடிக்கு நிழல் தருகிறது, உண்மைதான். ஆனால் வெயிலை வாங்கிச் சூடாகி அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடுகிறது. அதே வலையைக் கழற்றிக் கூரைக்கு மேலே, ஓர் அடி இடைவெளி விட்டு, தனிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். சூடாவது வலைதான், அந்தச் சூட்டைக் காற்று வெளியிலேயே அள்ளிக்கொண்டு போகும். தகட்டின்மேல் படிந்து கிடந்தால் பலன் பாதியாகிவிடும். பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் சாய்வாக அடிப்பதால் அந்தப் பக்கம் வலை தரைவரை இறங்க வேண்டும். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் 30 முதல் 40 விழுக்காட்டு நிழல் போதும், லெட்யூஸுக்கு 50 வரை போகலாம். அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாகிவிடும்.

நாற்றுமேசை:
நான் கண்ணாடிக் குடிலின்மேல் ஒவ்வொரு கோடையிலும் சுண்ணாம்பு அடிக்கிறேன். செலவு குறைவு, நல்ல பலன். அதையும் முயலலாமே?

வெயில்காப்பு:
கண்ணாடிக்குச் சரி. பாலிகார்பனேட்டுக்கு வேண்டாம். சுண்ணாம்பின் காரம் அந்தப் பிளாஸ்டிக்கை அரிக்கும். தகடு மங்கிப்போய் வெடிப்பு விடும். பூச்சுதான் வேண்டுமென்றால், பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் நிழல்பூச்சை மட்டும் வாங்குங்கள்.

நாற்றுமேசை:
நல்ல வேளை, கேட்டுவைத்தேன். இன்னொன்று: காற்று நுழையும் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுகிறேன், உள்ளே குளிர்ந்துவிடுகிறது. இலைநிழலுக்குத் தெளிப்பான் மட்டும் ஏன் உதவவில்லை?

காற்றுவழி:
உங்கள் காற்று வறண்டதாக இருக்கும். நீர் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தெளித்த நீர் ஆவியாகாமல் இலையில் படிந்து நிற்கும். 38 டிகிரியும் 20 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்றை ஈரச் சாக்கின் வழியே இழுத்தால் ஏறக்குறைய 21 டிகிரிவரை இறக்கலாம் என்பது கணக்கு. நடைமுறையில் அதற்குச் சில டிகிரி மேலே நிற்கும். இலைநிழல் சொல்லும் 36 டிகிரி, 65 விழுக்காட்டில் அந்த எல்லையே 30.

இதைக் கருவி இல்லாமலே சோதிக்கலாம். சாதாரணக் கண்ணாடி வெப்பமானியின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, நிழலில் வைத்து, விசிறிக் காற்று படும்படி சில நிமிடங்கள் விடுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நீரைக் கொண்டு நீங்கள் எட்டக்கூடிய அடிமட்டம் அதுதான். அதற்கும் வெளிவெப்பத்துக்கும் 12 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈரச் சாக்கு, தெளிப்பான் எல்லாம் கைகொடுக்கும். ஐந்தாறு டிகிரிதான் என்றால் பம்புக்குக் காசு போடாதீர்கள். மூடிக் கிடக்கும் குடிலில் தெளித்தால் அந்தச் சிறு வித்தியாசமும் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும்.

வேர்முனை:
பூ உதிர்வது பற்றி யாரும் சொல்லவில்லை. பகல் வெப்பம் 35-ஐத் தாண்டினாலும், இரவு 24-க்குக் கீழ் இறங்காமல் நின்றாலும் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். சூல் பிடிக்காத பூவைச் செடி அந்தக் கணுவில் கழித்துவிடுகிறது. இது நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். இலைப் புள்ளிக்கு, ஓயாமல் ஈரமாகவே நிற்கும் இலைதான் காரணமாக இருக்கும். மாலைத் தெளிப்பை உடனே நிறுத்துங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

லெட்யூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் உறங்கிவிடும். அந்தத் தட்டுகளை வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் முளைக்கவையுங்கள்.

தொட்டிகளையும் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் வெயில் படும் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதென்றால் உள்ளே அந்தப் பக்கத்து வேர் வெந்துகொண்டிருக்கிறது. வெள்ளைத் துணி சுற்றுங்கள், மண்மேல் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். நண்பகலில் இலை தொங்குவதைப் பார்த்ததும் நீர் ஊற்றிவிடாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் மாலைவரை பொறுங்கள். பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும். காலையிலேயே நிறைய நீர் கொடுப்பதுதான் முக்கியம். தாகம் தீர்ந்த செடி இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னையும் சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும்.

இலைநிழல்:
எல்லாருக்கும் நன்றி. வலையை வெளியே மாற்றி, மேற்குப் பக்கம் தரைவரை இறக்கிவிட்டேன். எக்ஸாஸ்ட் விசிறியை உச்சியில் பொருத்தி, எதிரே கீழ்ப் பலகையை எடுத்துப் பெட்டிவலை அடித்தேன். இப்போது வெளியே 36 என்றால் உள்ளே 39. ஈரத்துணி வெப்பமானி 30-இல் நிற்கிறது. இலைகள் காய்ந்திருக்கின்றன, புதிய புள்ளி இல்லை. ஆனால் தக்காளிப் பூ இன்னும் உதிர்கிறது. இன்னும் எதையாவது செய்ய முடியுமா?

காற்றுவழி:
காற்றோட்டத்தால் வெளிவெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. வெளியே 36 இருக்கும்வரை தக்காளி பிஞ்சு பிடிப்பது கடினம்தான். விசிறியை இரவிலும் ஓட விடுங்கள், கதவையும் திறந்துவையுங்கள். இரவு வெப்பம் இறங்கினால் அதிகாலையில் விரியும் சில பூக்களாவது நிற்கும். முற்பகல் முடிவதற்கு முன்பே விசிறி ஓடத் தொடங்க வேண்டும் என்பதால், 27 டிகிரியில் தானாக இயங்கும்படி தெர்மோஸ்டாட் இணைத்துவிடுங்கள்.

வேர்முனை:
செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இலையைக் காப்பாற்றி வைத்திருந்தால் வெயில் தணிந்ததும் புதுக் கொத்து விட்டுக் காய்க்கும். அதுவரை உரத்தைக் குறைத்துக் கொடுங்கள். வெள்ளரி இந்த வெப்பத்தை ஓரளவு தாங்கும், நல்ல வெளிச்சம் படும் இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத் தக்காளித் தொட்டிகளை நுழைவாயிலுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். குடிலிலேயே குளிர்ந்த மூலை அதுதான்.