வான் ஆலன் புரோப் தரவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேடு – அவசர உதவி

நிலாமுற்றம்:
நாளை மறுநாள் கைடைப் பார்க்க வேண்டும். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் நாசாவின் வான் ஆலன் புரோப் அளந்த எலக்ட்ரான் ஃப்ளக்ஸை (துகள் பாய்வு) வரைந்தால், செயற்கைக்கோள் பூமிக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் பெரிய மேடு எழும்புகிறது. வெளிப்பட்டை சரியாகத்தான் வருகிறது. பைதான் நிரலில் எங்கோ பிழை. யாராவது சொல்லுங்கள்.

துகள்பொடி:
எந்தக் கருவி? மாகெய்ஸா, ரெப்டா? என்ன ஆற்றல், எந்த மாதம், எல் மதிப்பு (காந்தப்புலக் கோடு நடுக்கோட்டில் எத்தனை பூமி ஆரத் தொலைவில் என்பது) எவ்வளவு? நிரலையும் போடவில்லையே.

வடக்குமுனை:
சிடிஎஃப் (விண்வெளித் தரவு சேமிக்கும் வடிவம்) கோப்பில் தரவு இல்லாத இடங்களில் மைனஸ் போட்ட பிரம்மாண்டமான எண் ஒன்று இருக்கும். அதை நீக்கினீர்களா? எனக்கு எப்போதும் அதுதான் வினை.

துகள்பொடி:
மைனஸ் எண் என்றால் பள்ளம்தானே விழும்? மேடு எப்படி வரும்?

நிலாமுற்றம்:
மாகெய்ஸ். 1 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) பக்கம். 2013 மார்ச். எல் 1.5.

மூத்தகுடி:
கருவியைப் பற்றிப் படிக்காமல் வரைபடம் போட்டால் இப்படித்தான். எல் 1.5 என்றால் உட்பட்டை. அது முழுக்கப் பல பத்து, நூறு எம்இவி புரோட்டான்கள். கவசத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். கருவி அவற்றையும் எலக்ட்ரான் என்றே எண்ணும். இது முதல் பாடம், தம்பி.

கரிசல்:
விஷயம் சரி, அதை இப்படிச் சொல்ல வேண்டுமா? நிலாமுற்றம், லெவல் 2 (பதப்படுத்திய தரவு) கோப்பிலேயே இந்தப் புரோட்டான் போன்ற பின்னணியைக் கழித்த ஃப்ளக்ஸ் தனி மாறியாக இருக்கிறது. பெயர் 'கார்' (CORR) என்று முடியும். அதை வரையுங்கள். 2015இல் ஃபென்னெல் என்ற ஆய்வாளரின் குழு அப்படிக் கழித்துப் பார்த்துத்தான், உட்பட்டையில் 900 கேஇவிக்கு (0.9 எம்இவி) மேல் கண்டறியும் அளவுக்கு எலக்ட்ரானே இல்லை என்று காட்டியது.

வடக்குமுனை:
டிடெக்டர் திணறியிருக்கலாமே? அமெரிக்கச் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1இல் துகள் அதிகமாகி, அவற்றை எண்ணும் கைகர் குழாய் பூஜ்யம் காட்டியதே. அப்படித்தானே பட்டையையே கண்டுபிடித்தார்கள்.

மூத்தகுடி:
அதில் டேப் ரிக்கார்டர் கிடையாது. தரைநிலையத்துக்கு மேலே போகும்போது மட்டும்தான் தரவு. 1958 மார்ச்சில் போன எக்ஸ்புளோரர் 3 பதிவுசெய்து தந்த பிறகுதான் படம் முழுமையானது.

கரிசல்:
அதற்கு முன்பே சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 2இல் இயற்பியலாளர் வெர்னோவின் கருவி பறந்துவிட்டது. அவர் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மூத்தகுடி:
பறந்தது. பட்டை என்று அறிவித்தாரா?

நிலாமுற்றம்:
மேடு போய்விட்டது. நிறையப் புள்ளிகள் காலி. நன்றி.

துகள்பொடி:
காலியைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். அளவீட்டுப் பிழைக்கான மாறியும் அதே கோப்பில் இருக்கிறது, சேர்த்து வரையுங்கள்.

கரிசல்:
சோவியத் நிலையங்களுக்கு மேலே ஸ்புட்னிக் தாழ்வாகத்தான் பறந்தது. அங்கே பட்டை எப்படித் தெரியும்? குறை கருவியில் இல்லை.