மறு: குடிமை - யாப்புச் சிந்தனை (புதுப் பாடத்தின் தலைப்பு)

வணக்கம்.

கம்பஸில் தொடங்கப்போகும் 'civic and constitutional thought' பாடத்துக்குத் தமிழ்த் தலைப்புத் தேடி இதுவரை வந்த சொற்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். 'சிந்தனை'யில் ஒருவருக்கும் சண்டை இல்லை, சரி. இழுபறி முழுக்க அதற்கு முன்னால் வரும் இரண்டு சொற்களில்தான்.

'குடியியல்' என்று போட்டால் சட்டத்துறைப் பிள்ளைகளுக்கு உடனே குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் காணி வழக்கும்தான் ஞாபகம் வரும். நீதிமன்றம் எப்பவோ எடுத்துக்கொண்ட சொல் அது. 'பிரசை' வாய்க்குப் பழகினது, ஆனால் பிரசை என்றால் எங்கேயோ ஒரு ராசா இருந்தாக வேண்டும்.

'குடியுரிமைச் சிந்தனை'க்குத்தான் இங்கே ஆதரவு கூட, பள்ளிக்கூடப் பாடத்தோடு ஒத்துப்போகும் என்று. நான் இதை ஏற்கமாட்டேன். இலங்கையில் 1947 தேர்தலில் வாக்குப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களுக்கு 1948 சட்டத்தோடு பிரஜாவுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1952 இல் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1953 இல் பிரிவிக் கவுன்சில் (லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றம்) வரை போன வழக்கில், அப்போதைய சோல்பரி யாப்பில் (அரசியலமைப்பில்) ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்த 29 ஆம் பிரிவை அந்தச் சட்டங்கள் மீறவில்லை என்று தீர்ப்பு வந்தது. உரிமை பறிபோன பிறகும் பொது விஷயத்தில் இறங்கி நின்ற ஆட்களைப் பற்றித்தான் இந்தப் பாடத்தில் அதிகம் பேசவேண்டி வரும். தலைப்பிலேயே 'உரிமை'யை வைத்தால் அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள்.

ஆகவே 'குடிமை'. தமிழ்நாட்டில் குடிமையியல், குடிமைப்பணி என்று யோசிக்காமல் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது அவ்வளவு லேசில்லை. யாழ்ப்பாணத்தில் குடிமை என்றால் வீட்டுக்கு வழிவழியாகத் தொழும்பு செய்த சாதிகள், 'அடிமை குடிமை' என்று ஒரே மூச்சில் சொன்ன ஊர் இது. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையில் (யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம்) அடிமைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். 1957 இல் சாதியின் பெயரால் ஆட்களைத் தடுப்பதற்கு எதிராகச் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தும் தேத்தண்ணிக் கடையும் கோயிலும் தானாகத் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போய் நின்றவர்கள் சட்டத்தில் இருந்ததை ஊரில் நடக்கச் செய்யப் பார்த்தார்கள். குடிமை என்று தாழ்த்தப்பட்டவர்கள் குடிமக்களாகத் தங்களை நிறுத்திக்கொண்ட வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. முதல் விரிவுரையே அதுதான் என்பேன். (இந்தப் போராட்டங்களில் நின்றவர்களின் வாய்மொழியைப் பதிவதற்கு இனியும் சுணங்கக் கூடாது, யாராவது ஆய்வு மாணவரைப் பிடியுங்கோ.)

இரண்டாவது சொல்லுக்கு 'அரசியலமைப்பு' வேண்டாம், 'யாப்பு' போதும். செய்யுளோடு குழம்பும் என்கிறீர்கள். சனசமூக நிலையத்துக்கும் யாப்பு இருக்கிறது, கூட்டுறவுச் சங்கத்துக்கும் இருக்கிறது, பொதுக்கூட்டத்தில் யாராவது எழும்பி "யாப்பின்படி இது செல்லாது" என்றால் வெண்பாவைச் சொல்கிறார் என்று எந்தக் கிழவனும் நினைப்பதில்லை. தலைவர் எத்தனை வருஷம் இருக்கலாம், கணக்கு யாருக்குக் காட்டவேண்டும் என்று ஊர் வாசிகசாலையில் அடிபடுகிற கேள்விதான் 1978 யாப்பில் சனாதிபதியைப் பற்றியும் வருகிறது. 'அரசியலமைப்பு' என்றால் அரசோடு நின்றுவிடும்.

- - -

> முதல் விரிவுரையே அதுதான் என்பேன்

அண்ணை, உங்களுக்கு அது விரிவுரை. பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு அது அம்மம்மாவைக் கூப்பிட்ட பெயர். பெறுபேற்றுத் தாளிலும் அந்தச் சொல்லோடு போகவேண்டுமா? 'குடிசார்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? யாப்புக்கு நான் சம்மதம்.

- - -

தங்கச்சி, நியாயமான கேள்வி. 'குடிசார்' பெயரடையாக மட்டும்தான் நிற்கும், அதிலிருந்து பெயர்ச்சொல் எடுக்கேலாது. பரீட்சையில் 'குடிசார்தன்மை' என்று எழுதுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கோ. ஆனால் இதை நீங்களும் நானும் இங்கே இருந்து தீர்க்கக் கூடாது. பாடத்தை எடுக்கப்போகிற மாணவரிடம் இரண்டு சொல்லையும் கொடுத்து, பெயர் எழுதாமல் கருத்துக் கேட்போம். அவர்கள் வேண்டாம் என்றால் நான் 'குடிசார்' என்றே பீடச்சபைக்குக் கொண்டுபோகிறேன். புதிய யாப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் நாட்டைச் சிங்களத்தில் 'ஏக்கிய' (ஒற்றையாட்சி என்றே பலர் எடுத்த சொல்), தமிழில் 'ஒருமித்த' என்று போட்டு வந்தபோது, கீழே என்ன அதிகாரம் பகிரப்படுகிறது என்பதை விட்டுவிட்டு அந்த இரண்டு சொல்லிலேயே வருஷக்கணக்காக நின்றோம். பாடத் தலைப்பிலும் அப்படி நிற்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. constitutionalism என்பதை 'அரசியலமைப்புவாதம்' என்று எழுதுவதை நிற்பாட்டுவோம். இனவாதம், பிரிவினைவாதம் என்று கேட்டுக் கேட்டு 'வாதம்' என்றாலே வசைபோல ஆகிவிட்டது. யாப்பு இருப்பது வேறு, அதிகாரம் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பது வேறு. 1987 இல் மாகாணசபைகளை உண்டாக்கிய 13 ஆம் திருத்தம் எழுத்தில் வந்தது, காணி, பொலிஸ் அதிகாரங்கள் கைக்கு வரவில்லை. 2013 இல் தெரிவான வடக்கு மாகாணசபை 2018 இல் காலம் முடிந்தபின் வருஷக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் கிடந்தது. இந்த இடைவெளியில் இல்லாமல் போனதைச் சொல்ல 'யாப்பொழுக்கம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். 'ஒழுக்கம்' பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது என்று எங்கள் துறையில் ஒருவர் இப்பவே முறைக்கிறார். வேறு இருந்தால் எழுதுங்கோ, 'யாப்புநெறி' உட்பட எதையும் பார்க்கலாம், '-இசம்' மட்டும் வேண்டாம்.