புதுப்பிப்பு: ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலைப் படித்து முடித்தேன்

ரிச்சர்ட் மாத்திசனின் இந்த 1954ஆம் ஆண்டு நாவலை, நாய் இறக்கும் இடத்தில் மூடிவைத்துவிட்டதாகவும், மேலே படிக்கலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். தொடரச் சொன்னவர்களுக்கு நன்றி, முடித்துவிட்டேன். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

என்னை அலைக்கழித்தது இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய அச்சம் அன்று. மனிதர்களை இரத்தக் காட்டேரிகளாக்கும் நோய் பரவிய லாஸ் ஏஞ்சல்ஸில் தனித்துவிடப்பட்ட நாயகன் நெவில், பகலில் உறங்கும் காட்டேரிகளைக் கொன்று, இரவில் வீட்டுக்குள் அடைந்துகொண்டு, இசைத்தட்டுகளாலும் மதுவாலும் வெளியிலிருந்து வரும் கூச்சலை மறக்க முயலும் அந்த அன்றாடத்தின் வறட்சிதான் பல நாட்கள் மனத்தில் கனத்தது. இரவுதோறும் வாசலில் நின்று அவனை வெளியே அழைப்பவன் காட்டேரியாகிவிட்ட பழைய அண்டைவீட்டுக்காரனான பென் கார்ட்மன். நோயோடு வாழக் கற்றுக்கொண்ட புதிய சமூகத்தினர் கார்ட்மனைச் சுட்டு வீழ்த்தும்போது, நெவிலின் மனம் கொல்பவர்களைவிடக் கார்ட்மன் பக்கமே சாய்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை உணர்ந்தபோது சற்றே திகைத்தேன்.

இறுதியில், அந்தப் புதியவர்களின் கண்ணுக்குத் தானே கொடிய உயிரினம் என்பதை நெவில் புரிந்துகொள்கிறான். அதுவரை அவன் பக்கம் நின்று படித்த நாமும் அவனோடு சேர்ந்தே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறோம்.

இந்த நாவலைத் தழுவி 2007இல் வந்த படமே போதும் என்றவர்களுக்கு ஒன்று: திரையரங்கில் வெளியான வடிவத்தில் மருந்து கிடைக்கிறது, நாயகன் தியாகியாகிறான். நாவலில் அந்த ஆறுதல் கிடையாது.