குளித்து மணல் கொண்ட கை: பழம்பாடல்களில் நம் வயதைச் சந்தித்த அனுபவங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து, விவசாயி மகன், வயது 52

அப்பாவுக்கு 84 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வயல், வாய்க்கால், மாடு, கோயில் கொடை, இவைதான் அவருக்கு எல்லாம். போன ஐப்பசி மழையில் சளி பிடித்து ஒரு மாதம் படுத்துவிட்டார். பேசினால் இருமல் வரும். அதனால் நான் எதையாவது வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். செய்தித்தாள் இரண்டு நாளில் அலுத்தது. அப்புறம் அலமாரியில் கிடந்த புறநானூற்று உரையை எடுத்தேன்.

243ஆம் பாட்டு. கோலை ஊன்றி நிற்கும் ஒரு கிழவர் தன் சின்ன வயதை நினைத்துப் பார்க்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடும் பெண்பிள்ளைகளோடு கைகோத்து ஆடியது, ஒளிவுமறைவு தெரியாத கூட்டாளிகளோடு சுற்றியது எல்லாம் வந்தபின், மருதமரம் நிற்கும் துறைக்கு வருகிறார்:

நீர்நணிப் படிகோடு ஏறிச் சீர்மிகக்
கரையவர் மருளத் திரையகம் பிதிர
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து
குளித்து மணற்கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே!

"படிகோடுன்னா என்னது?" என்று கேட்டார் அப்பா. தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்து படிந்திருக்கும் கொப்பு என்றேன். முகமே மாறிவிட்டது.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

எங்கள் தாமிரபரணிக் கரையில் இன்றும் மருதமரங்கள் உண்டு. கண்ட கொப்பிலும் ஏறிக் குதிக்கக் கூடாதாம். தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்த கொப்புதான் கசத்துக்கு, அதாவது ஆற்றின் ஆழமான இடத்துக்கு, நேர் மேலே போய் நிற்கும். கால் விரலால் பட்டையைக் கவ்விக்கொண்டே நுனிவரை நடக்க வேண்டும். நுனிக்கு வந்ததும் கொப்பு ஓர் ஆட்டம் ஆடும், அந்த ஆட்டத்திலேயே எகிற வேண்டும். பாட்டில் 'குட்டம்' என்று இருப்பதைத்தான் நாங்கள் கசம் என்கிறோம். எனக்குப் பாதி உரைநூலில் புரிந்தது, மீதி அப்பா சொல்லித்தான் புரிந்தது.

'மணற்கொண்ட' என்ற இடத்துக்கு வந்தோம். அடியைத் தொட்டதற்கு அடையாளமாக மணல் எடுத்து வருவது என்று உரை. நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். விரல்களை மூடினார். "முங்கி..." என்றார், இருமினார். "மண்ணள்ளி..." மறுபடி இருமல். "மேல வந்து... கையத் தொறந்து காட்டணும். இல்லாட்டி... ஒத்துக்கமாட்டானுவ."

பாட்டின் கடைசி வரிகள் இவை: 'இருமிடை மிடைந்த சிலசொல் பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே.' இருமலுக்கு நடுவே நெருக்கியடித்து வரும் சில சொற்கள். அந்த வரியை அன்றைக்குக் காதால் கேட்டேன்.

இதைப் பாடியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் ஊன்றி நின்ற பூண்போட்ட கோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். அவரே எழுதிய சொல் அவருக்குப் பெயராகிவிட்டது.

எந்தப் பாட்டில் உங்கள் வயதையோ உங்கள் வீட்டாரின் வயதையோ பார்த்தீர்கள்? எழுதுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

புதுக்கோட்டை மாவட்டம், கிராம சுகாதார செவிலியர்

ஐயா, உங்கள் அப்பா நலமாக இருக்கட்டும். நீங்கள் கோலில் தொடங்கினீர்கள், நான் தவழுகிற பக்கம் போகிறேன். அதுதான் என் வேலை. 23 வருடமாகப் புதன்கிழமை தோறும் தடுப்பூசி போடுகிறேன்.

பயிற்சி முடித்த புதிதில் எங்கள் ஊர்த் தமிழாசிரியை ஒருவர் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து மாதக் குழந்தை. பாயில் விட்டதும் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி ஆட்டியது. "பாரும்மா, செங்கீரை ஆடுறா," என்றார். தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்து, வளரும் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழ் பற்றி அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். காப்பு, செங்கீரை, தால் (தாலாட்டு), சப்பாணி (கைதட்டல்), முத்தம், வருகை, அம்புலி. அதற்குமேல் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல். மொத்தம் பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம் என்று ஒரு கணக்கும் உண்டு. கொஞ்சம் முன்பின் சொல்கிறவர்களும் உண்டு. குழந்தைகளும் முன்பின்தானே இருக்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியம், அந்தக் கணக்கு என் கைப்பதிவேட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு வரும் பிள்ளையிடம் நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். ஊசி போடும் முன்னால் நான் கை தட்டினால் அதுவும் தட்ட முயலும். சப்பாணிப் பருவம்!

சோறு ஊட்டத் தொடங்கும் வயதில் தாய்மார்கள் ஒரே புகாரோடு வருவார்கள். எல்லாவற்றையும் இறைக்கிறான், மேலெல்லாம் பூசிக்கொள்கிறான், திட்டாமல் இருக்க முடியவில்லை என்று. அவர்களுக்குப் பாண்டியன் அறிவுடை நம்பியின் பாட்டைச் சொல்வேன். புறநானூறு 188. 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும் நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்.' ராஜா வீட்டிலும் பிள்ளை நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் இறைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறது, அது இல்லாத வாழ்க்கையில் பயனில்லை என்று அந்த ராஜாவே பாடியிருக்கிறார் என்பேன். பிள்ளையின் கைமேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தணியும்.

ஆனால் சொல்ல வந்தது வேறு. ஒரு பெண்குழந்தை இருபது மாதமாகியும் நடக்கவில்லை. மாமியார் பேச்சு, தெருப் பேச்சு எல்லாம் கேட்டு அந்தத் தாய் என்னிடம் வந்து அழுதாள். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம், பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவாள். இரண்டரை வயது நெருங்கும்போது ஒரு புதன்கிழமை, துணை சுகாதார நிலையத் திண்ணையில் குழந்தையைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வா, வா, என் தங்கம் வா, வாடி என் ராசாத்தி, வா." எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எண்ணவில்லை. மருந்துப் பெட்டியை மூடாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை சுவரைவிட்டு மூன்று எட்டு வைத்து அவள்மேல் விழுந்தது.

வருகைப் பருவத்தில், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் மீனாட்சியைக் கூப்பிடுகிறார், 'மலயத்துவசன் பெற்ற பெருவாழ்வே வருக வருகவே' என்று. நடந்து வா என்று சொல்ல எதற்குப் பத்துப் பாட்டு என்று முன்பு நினைத்திருக்கிறேன். அந்தத் திண்ணையில் தெரிந்தது, ஒரு கூப்பாட்டுக்கு எந்தப் பிள்ளை வரும்?

மதுரை, வயது 47

செவிலியர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது ஒரு சிறு வருத்தத்தில் தொடங்கியது. சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும்போது, வருடா வருடம் உறவினர் வீட்டு மாடியில் நின்று பார்ப்போம். அம்மா, நான், என் மகள். அப்போது மகள் தமிழ் இளங்கலை முதல் வருடம். உலா என்றால் இதுதான், தலைவன் வீதியில் வர ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவது என்று சொல்லி வயதும் சொன்னாள். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. "நான் மடந்தைம்மா," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். பட்டியல் நாற்பதில் நின்றுவிடுகிறது. எனக்கும் அம்மாவுக்கும் அதில் இடமில்லை.

தேர் எங்களுக்கும்தான் வந்தது. அம்மா 74 வயதில் கைகூப்பி அழுதுகொண்டுதான் நின்றாள். வீதியிலிருந்து பார்க்கிற பாட்டுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற பாட்டு பிறகு கிடைத்தது. புறநானூறு 159, பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வள்ளல் குமணனிடம் போய்ப் பாடியது. பரிசில் கேட்கப் போனவர் தன் தாயைப் பற்றி முதலில் சொல்கிறார். இத்தனை வருடமாகியும் இந்த உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று தன்னையே நொந்துகொள்பவள். 'கோல்கா லாகக் குறும்பல ஒதுங்கி', கோலே காலாகச் சின்னச் சின்ன எட்டாக வைக்கிறவள். 'நூல்விரித் தன்ன கதுப்பினள்', நூலை விரித்ததுபோல் தலைமுடி. 'முன்றில் போகா முதிர்வினள்', வாசலைத் தாண்டாத முதுமை. அடுத்து மனைவி. இடுப்பில் பிள்ளைகள், அவர்கள் பிசைந்து குடித்து வாடிய மார்பு. குப்பைக் கீரையில், முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த இளந்தளிரைக் கிள்ளி, உப்பில்லாமல், மோர் இல்லாமல், வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்கிறாள். மூன்று தலைமுறையும் ஒரே பாட்டில், ஒரே பசியில். ஏழு பருவத்தைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாங்கள் நெசவுக் குடும்பம். சின்ன வயதில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். காலை வெயிலில் வெள்ளை நூல் தெரு நீளத்துக்குக் கிடக்கும். காற்று வந்தால் மொத்தமும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அம்மா அதன் ஓரமாகவே நடந்து, அறுந்த இழையை விரல் நுனியால் முடிந்துகொண்டு போவாள். இன்று அம்மா முன்றில் தாண்டுவதில்லை, மூட்டு வலி. தலைக்குக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, முடியை முதுகில் பரப்பி உலர்த்தினேன். மின்விசிறிக் காற்றில் அதே சிலிர்ப்பு. நரைத்த முடியை எழுத ஆயிரம் உவமை உண்டு. இந்தப் புலவர் தன் தாயின் தலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்.

இன்னொன்று. கோல் என்றதும் நாலடியார் 14 நினைவுக்கு வந்தது. தலை நடுங்கத் தண்டூன்றி நிற்கும் ஒரு கிழவிமேல் முன்பு ஆண்கள் மயங்கிக் கிடந்தார்களாம். எப்போது? 'தன்கைக்கோல் அம்மனைக்கோல் ஆகிய ஞான்று.' இவள் கையிலிருக்கும் கோல் இவளுடைய அம்மா கையிலிருந்த காலத்தில். கிழவியைக் காட்டி ஆசையை வெறுக்கச் சொல்லும் நோக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி! என் அம்மா வைத்திருப்பது ஆச்சியின் கோல்தான். பிடி தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. நேற்று துடைத்து வைக்கும்போது என் கைக்கும் சரியாக உட்கார்ந்தது.

கோவை, ஒரு தகப்பன்

சுருக்கமாக எழுதுகிறேன். பழைய கைபேசியில் ஒரு பதிவு கிடந்தது. மகனுக்கு நான்கு வயது, பைக்கில் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, நிலா நம்ம கூடவே வருதுப்பா, நிறுத்துங்க, அதுவும் நிக்குதான்னு பாக்கலாம்," என்கிறான். இப்போது அவனுக்குப் பதினைந்து. குரல் உடைந்துவிட்டது. நல்ல பிள்ளை, பக்கத்து அறையில்தான் படித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தக் குரல் இந்த உலகத்தில் இல்லை. எந்த நாளில் போனது என்றும் எனக்குத் தெரியாது.

பழைய பௌத்த காப்பியமான குண்டலகேசியில் நமக்கு மிஞ்சியவை 19 பாடல்கள். அதில் ஒன்று:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் இயல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

வளர்ந்தும் என்று எழுதியிருக்கலாம், கடந்தும் என்று எழுதியிருக்கலாம். செத்தும், செத்தும் என்று நான்கு முறை எழுதியிருக்கிறார். மாணவனாக மனப்பாடம் செய்தபோது இது சாவைப் பற்றிய பாட்டு என்று நினைத்தேன். அந்தப் பதிவைக் கேட்ட ராத்திரி, காதில் மாட்டிக்கொண்டு, சமையலறையில் நின்று அழுதேன். மனைவியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து மறுபடியும்

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்தேன். மூன்று எட்டு வைத்த குழந்தையின் கதையை இரண்டு தடவை கேட்டார். கோவைத் தம்பி எழுதியதற்கு ஒன்றும் சொல்லவில்லை, நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருந்தார்.

இருமல் குறைந்து, பங்குனியில் ஆற்றுக்குப் போகணும் என்று அவரே கேட்டார். தங்கை மகன் பதின்மூன்று வயது, நல்ல நீச்சல்காரன், அவனும் வந்தான். துறைவரை ஆட்டோ, அப்புறம் நான் ஒரு பக்கம், கோல் ஒரு பக்கம். அப்பா குதித்த மரம் இல்லை. அடுத்து ஒரு மருதம் சாய்ந்து நிற்கிறது. அதைக் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"ஏலே, அந்தக் கொப்பு. நுனிக்குப் போ. ஆடும், பயப்படாத."

பையன் குதித்தான். தண்ணீர் தெறித்து அப்பாவின் வேட்டிவரை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து, கையை உயர்த்தித் திறந்து காட்டினான். கறுப்புச் சேறும் இரண்டு கூழாங்கல்லும்.

"மணல் எங்கல?" என்றார் அப்பா.

"மணலே இல்ல தாத்தா, சேறுதான் கிடக்கு."

அள்ளிக்கொண்டு போன மணலைப் பற்றி அப்பா எத்தனையோ நாள் திட்டியிருக்கிறார். அன்றைக்குத் திட்டவில்லை. கையை நீட்டி அந்த இரண்டு கல்லையும் வாங்கிக்கொண்டார்.

"அங்கனக்குள்ள இல்ல... வடக்க தள்ளி... பாறைக்கு அடியில பாரு," என்றார். இருமினார்.

பையன் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினான். அவன் தலை தெரியும்வரை அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.