செய்தியை நாடகமாக்கினால் நம்பகம் போகாதா?

கேள்வி: ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் தீவிர வலதுசாரிகள் கூடி, குடியேறியவர்களை நாடுகடத்துவது பற்றிப் பேசியதை 2024 ஜனவரியில் கரெக்டிவ் என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. ஒரே வாரத்தில் அது பெர்லினில் உள்ள பெர்லினர் என்செம்பிள் நாடக அரங்கில் மேடையேறியது. புலனாய்வுச் செய்தியை நடிகர்கள் வாசிக்கலாமா?

பதில் 1: தாராளமாக. ஜெர்மனியில் என்எஸ்யு என்ற நவநாஜிக் கும்பல் 10 பேரைக் கொன்ற வழக்கு மியூனிக்கில் 438 நாள் நடந்தது. ஜெர்மன் நீதிமன்றம் சொல்லுக்குச் சொல் பதிவு வைப்பதில்லை. மிஞ்சியது செய்தியாளர்கள் போன்றோர் எழுதிவைத்த குறிப்புகள்தான். வாசித்தால்தானே நாலு பேர் காதில் விழும்?

பதில் 2: நான் மேடையில் வாசிக்கிறவன். சரிதான், ஆனால் வில்லன் குரல் போட்டால் எனக்கு எரிச்சல் வரும். நாடுகடத்தும் திட்டத்தைக்கூட அலுவலகக் கூட்டம் மாதிரி நிதானமாகப் பேசுகிறவர்கள் இந்தத் தீவிர வலதுசாரிகள். அப்படியே வாசிக்க வேண்டும்.

கேட்டவர்: அப்புறம், கற்பனைக் காட்சி சேர்த்தால்?

பதில் 2: இது கற்பனை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.